துப்பாக்கி கையில் இல்லாத நேரம்

அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இதுதான்: தெருவில் இரண்டு வீடுகளில் ஆளில்லாத நேரத்தில் திருட்டு நடந்துவிட்டது, மனைவியும் பதினான்கு வயது மகனும் ஆறு வயது மகளும் வீட்டில் இருக்கிறார்கள், கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, பிள்ளைகளுக்குத் தெரியாமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொள்ளலாமா? தாம் குடிப்பதில்லை, முன்கோபி இல்லை, ஒரு போக்குவரத்து அபராதம்கூடக் கட்டியதில்லை என்றும், இப்படிப்பட்டவருக்கு எதற்கு இத்தனை விதிகள், அவை திருடனைத் தடுக்கப்போவதில்லையே என்றும் அவர் சேர்த்துக் கேட்கிறார். இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: நான் பொறுப்பான ஆள் என்பது போதாதா? பன்னிரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் துப்பாக்கி சுடும் களத்தில் புதியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன், மருத்துவனும் அல்லன். சட்டம் பற்றி நான் சொல்வதை உங்கள் மாநில விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அவை மாநிலத்துக்கு மாநிலம் வெகுவாக மாறுகின்றன.

முதலில் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் அது. கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை சொல்வதில்லை. ஆனால் வேலைக்கான ஹெச்-1பி, படிப்புக்கான எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒருசில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். களத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்வதும் "வைத்திருத்தல்" என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும். துப்பாக்கி தொடர்பான குற்றத்தீர்ப்பு நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் மைத்துனரை ஆசையாகக் களத்துக்கு அழைத்துச் செல்லும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இனி பொறுப்புக்கு வருகிறேன். களத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நான்கு விதிகளில் அடங்கிவிடும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழல்வாயைத் திருப்பக் கூடாது. குறி பார்த்துச் சுடும் முடிவு எடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்றை மீறினாலும் மற்றவை பெரும்பாலும் காப்பாற்றிவிடும் என்பதுதான் இவற்றின் அழகு. முதல் விதிக்குக் காரணம் கேட்பவர்களுக்கு நான் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இப்போது இது காலியா?" என்று கேட்பேன். பெரும்பாலோர் காலி என்றே சொல்வார்கள். தானியங்கி மீள்நிரப்புக் கைத்துப்பாக்கியில் மேகசினை எடுத்த பின்னும், ஏற்கெனவே சேம்பருக்குள், அதாவது சுடத் தயாராகத் தோட்டா அமரும் அறைக்குள், ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். பல மாடல்களில் மேகசின் இல்லாமலும் விசை வேலை செய்யும். மேகசினை எடுத்துவிட்டு, மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலால் தடவிப் பார்ப்பதுதான் சோதனை. சில துப்பாக்கிகளைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது விசையை அழுத்தியே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். "காலி என்று நினைத்தேன்" என்ற வாக்கியம் ஏன் இத்தனை விபத்து அறிக்கைகளில் வருகிறது என்று புரியும். அந்த வாக்கியத்தைச் சொன்னவர்களும் பொறுப்பான ஆட்கள்தாம்.

ஆனால் இந்த நான்கு விதிகளும் துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும் நேரத்துக்கானவை. ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்கூட மாதத்தில் இரண்டு மணி நேரம் அதைக் கையில் வைத்திருந்தால் அதிகம். மீதி எழுநூற்றுச் சொச்ச மணி நேரமும் அது வீட்டில் எங்கோ கிடக்கிறது. நீங்கள் அலுவலகத்தில், கடையில், தூக்கத்தில் இருக்கிறீர்கள். என் வகுப்புகளில் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த தவறு, பாடத்தின் பெரும்பகுதியை அந்த இரண்டு மணி நேரத்துக்கே கொடுத்ததுதான். உங்கள் குணம் அந்த எழுநூறு மணி நேரத்தில் துப்பாக்கியின் பக்கத்தில் நிற்பதில்லை. பூட்டு ஒன்றுதான் நிற்கும்.

எண்களைப் பார்த்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தெரியும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 20,958 பேர் கொலையுண்டவர்கள். 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தற்செயல் விபத்தில் இறந்தவர்கள் சுமார் 550 பேர். செய்திகளில் நாம் காண்பது கொலைகளைத்தான், அதிலும் பொது இடத்துப் படுகொலைகளை. பாதிக்கும் மேற்பட்ட மரணங்கள் தற்கொலைகள்; அவற்றில் பெரும்பாலானவை ஓசையின்றி வீட்டுக்குள் நடக்கின்றன. தற்கொலை என்றதும், "சாக நினைப்பவன் எப்படியும் சாவான்" என்பார்கள். ஆய்வுகள் இதை ஏற்பதில்லை. நெருக்கடி பெரும்பாலும் குறுகிய நேரத்தில் உச்சத்துக்குப் போய்த் தணிகிறது. முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பின்னாள் கிடைப்பதில்லை.

உறுதியானது, ஐயத்துக்குரியது என்று பிரித்தால், உறுதியின் பக்கத்தில் நான் முதலில் வைப்பது இதைத்தான். கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பதிவேடுகளின் வழியே தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி உடைமையாளர்களான ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம் துப்பாக்கி இல்லாதவர்களைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு, பெண்களில் ஏறத்தாழ முப்பத்தைந்து மடங்கு என்று தெரிய வந்தது. சாகும் எண்ணத்தோடு வாங்கியவர்களும் இதில் கலந்திருப்பார்களே என்ற கேள்வி நியாயமானது. வாங்கிய முதல் மாதத்தில் வீதம் உச்சத்தில் இருந்தது உண்மை. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட மரணங்கள் வாங்கி ஓராண்டு கடந்த பிறகு நிகழ்ந்தவை. இன்னொரு சான்று என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. 2006-இல் இஸ்ரேல் ராணுவம், வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று மாற்றியது. அதன்பின் 18 முதல் 21 வயது வீரர்களின் தற்கொலை வீதம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவு வார இறுதிகளில்தான் தெரிந்தது, வார நாள்களில் பெரிய மாற்றமில்லை. அதே இளைஞர்கள், அதே மனச்சுமை. மாறியது கைக்கும் துப்பாக்கிக்கும் இடையிலான தூரம் மட்டும்.

அந்த ஆறு வயது மகளைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று கேள்வியின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். எனக்குப் பதினான்கு வயது மகனைப் பற்றித்தான் கவலை. அவனிடம் தவறு எதையும் நான் காணவில்லை. அந்த வயதுதான் காரணம். பள்ளியில் ஓர் அவமானம், ஒரு மதிப்பெண், ஒரு பிரிவு, இரவு பதினொரு மணி: இவ்வளவே போதும். மேல்தட்டு ஆறு வயதுக்கு உயரம், பதினான்குக்கு உயரமே இல்லை. வீட்டில் பெற்றோர் எதை எங்கே வைக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கும் பெற்றோரை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அப்படி நினைக்கும் பிள்ளையை ஒருநாளும் சந்தித்ததில்லை.

எனவே ஒளித்து வைப்பது பாதுகாப்பாகாது. குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை நெடுங்காலமாக ஒன்றுதான்: தோட்டாவை நீக்கி, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியே பூட்டி வைக்க வேண்டும். பூட்டுவது, தோட்டா நீக்குவது, தோட்டாவைப் பூட்டுவது, தனியே வைப்பது ஆகிய நான்கும் ஒவ்வொன்றாகவே இளையோரின் தற்கொலை, விபத்து ஆகியவற்றின் குறைந்த ஆபத்தோடு தொடர்புடையவை என்று 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. துப்பாக்கியோடு இலவசமாகக் கிடைக்கும் கம்பிப்பூட்டு ஒன்றுமே இல்லாததைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். நல்ல வெட்டுக்கருவி அதைத் துண்டாக்கிவிடும். விசைப்பூட்டைத் தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் ஒருபோதும் மாட்டாதீர்கள், மாட்டும்போதே வெடிக்கலாம். சுவரிலோ தரையிலோ திருகாணியால் இறுக்கிய இரும்புப் பெட்டகம்தான் என் தேர்வு. விரல் வைத்ததும் திறக்கும் கைரேகைப் பெட்டிகள் வசதியானவை; ஆனால் 2023-இல் அவற்றில் ஒரு வகை, பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொண்டதால் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வாங்கியதும் வீட்டிலுள்ள எல்லோர் விரலையும் வைத்துச் சோதியுங்கள். எண்பூட்டானால் பிறந்தநாளைக் குறியெண்ணாக வைக்காதீர்கள். வீட்டில் யாருக்கேனும் மனம் சரியில்லை என்றால், பூட்டு போதாது. அது சரியாகும்வரை துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும். உறவினரிடமோ கடையிலோ தற்காலிகமாக ஒப்படைப்பதற்குச் சில மாநிலங்களில் தனி நடைமுறை உண்டு. அவசரம் வரும்முன் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. தற்கொலை எண்ணம் வரும்போது அழைக்க வேண்டிய உதவி எண்ணான 988-ஐயும் பிள்ளைகளுக்குத் தெரியும்படி ஒட்டி வையுங்கள்.

இத்தனை பூட்டுகளுக்கு நடுவே திருடன் வரும்போது எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் ஐயத்தின் பகுதி தொடங்குகிறது. தற்காப்புக்குத் துப்பாக்கி ஆண்டுக்கு எத்தனை முறை பயன்படுகிறது என்பதற்கு இரண்டு வேறுபட்ட விடைகள் உலவுகின்றன. 1995-இல் வெளியான தொலைபேசிக் கணிப்பு ஒன்று இருபத்தைந்து லட்சம் என்றது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு தருவது லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான். முதல் எண்ணின் சிக்கல் எளிய கணக்கு: சுமார் ஐயாயிரம் பேரிடம் கேட்டு, அவர்களில் நூற்றில் ஒருவருக்குச் சற்றே கூடுதலானோர் "ஆம்" என்றதை நாடு முழுவதற்கும் பெருக்கியது அது. நூற்றில் ஒருவர் மிகைப்படுத்தினாலோ ஐந்தாண்டுக்கு முன் நடந்ததைப் போன ஆண்டு என்று நினைத்துச் சொன்னாலோ அந்த எண்ணுக்கே பொருளில்லாமல் போய்விடும். இரண்டாவதன் சிக்கல் வேறு: தாம் பாதிக்கப்பட்டதாக முதலில் சொன்னவர்களிடம் மட்டுமே அது தற்காப்பைப் பற்றிக் கேட்கிறது, அதனால் குறைத்துக் காட்டக்கூடும். உண்மை இரண்டுக்கும் நடுவில், கீழ் எண்ணுக்கு அருகில் இருக்கும் என்பது என் ஊகம். துப்பாக்கியால் உயிர் தப்பியவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தனியே வாழும் ஒரு பெண், காவல்துறை வந்துசேர நாற்பது நிமிடம் ஆகும் கிராமத்தில், மிரட்டும் முன்னாள் கணவனுக்கு அஞ்சி வாங்குகிறார் என்றால் என் கணக்கு வேறு மாதிரி இருக்கும். உங்கள் தெருவில் நடந்தது ஆளில்லா நேரத்தில் நடந்த திருட்டு. அப்போது துப்பாக்கி வீட்டில் இருந்திருந்தால் அதுவும் திருடு போயிருக்கும். இரவு இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் நிழலைப் பார்க்கும்போது அது தண்ணீர் குடிக்க எழுந்த மகன் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அமெரிக்க வீட்டு உள்சுவர்களின் ஜிப்சம் பலகையைக் கைத்துப்பாக்கித் தோட்டா எளிதில் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். நான்காம் விதி அங்கே பரீட்சைக்கு வரும். விரைவாகத் திறக்கும் பெட்டகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சில நொடிகளில் திறக்கப் பழகலாம். அந்தச் சில நொடிகள்கூட இல்லாத சூழலில், குறி பார்க்கவும் நேரம் இருக்காது.

திருடு போகும் துப்பாக்கி என்றேன். "சட்டம் நல்லவனைத்தான் கட்டிப்போடும், குற்றவாளி எப்படியும் வாங்குவான்" என்ற வாதத்துக்கு அதுவே பாதிப் பதில். 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து திருடு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கும் மேல். குற்றவாளி வாங்கும் சந்தைக்குச் சரக்கு வரும் வழிகளில் ஒன்று, நல்லவனின் காரும் அலமாரியும்தான். மீதிப் பாதி, வாங்குபவருக்குச் சட்டத் தடை உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனை பற்றியது. 1993-இல் அதைக் கட்டாயமாக்கிய பிரேடி சட்டம் வந்து, 1998 முதல் கடையில் நின்றபடியே செய்யும் கணினிச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது உரிமம் பெற்ற விற்பனையாளருக்கு மட்டும். ஒரே மாநிலத்தின் இரு தனியாருக்கு இடையிலான விற்பனையைக் கூட்டாட்சிச் சட்டம் சோதிக்கச் சொல்வதில்லை, சில மாநிலங்கள் மட்டும் சொல்கின்றன. மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அப்படித்தான் வாங்கினான். இந்த விதிகளில் எதுவும் உங்கள் நற்குணத்தைச் சந்தேகிப்பதில்லை. கடைக்காரருக்கு உங்களையும் அவனையும் முகம் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை என்பதுதான் விஷயம்.

அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791-இல் வந்தது. அது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-இன் ஹெல்லர் வழக்கில். தலைநகர் வாஷிங்டனில் கைத்துப்பாக்கியைத் தடுத்த சட்டத்தையும், வீட்டில் இருக்கும் துப்பாக்கியை எப்போதும் பிரித்தோ விசைப்பூட்டிட்டோ வைக்கச் சொன்ன விதியையும் அது நீக்கியது. அந்த உரிமை வரம்பற்றது அல்ல என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. 2022-இன் புரூவன் தீர்ப்பு, ஒரு கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்பதே அளவுகோல் என்று வைத்தது. 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஆக, முழுத் தடையும் நடக்காது, முழு விடுதலையும் கிடையாது, சண்டையெல்லாம் நடுவில்தான்.

அந்த நடுவில் எந்தச் சட்டம் பயன் தருகிறது? பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைப்பவரைப் பொறுப்பாக்கும் சட்டத்தை 1989-இல் முதலில் கொண்டுவந்தது ஃப்ளோரிடா. அத்தகைய சட்டங்கள் இளையோர் தற்கொலையையும் விபத்துக் காயங்களையும் குறைக்கின்றன என்பதற்கான சான்று, ராண்ட் என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் தொகுத்து ஆராய்ந்தவற்றுள் மிக வலுவானவற்றில் ஒன்று. வாங்குமுன் உரிமம் பெறச் சொல்லும் சட்டம் கொலைகளைக் குறைக்கிறது என்பதற்கு, அதை 2007-இல் கைவிட்ட மிசூரியின் அனுபவம் காட்டப்படுகிறது. எனக்கு அது நம்பத்தக்கதாகத் தோன்றினாலும், ஒரு மாநிலத்தை வைத்து முடிவு கட்டுவது கடினம். 1994 முதல் 2004 வரை இருந்த தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடை பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எந்தப் பக்கத்தவர் அடித்துப் பேசினாலும் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்த பின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திரும்ப வாங்கப்பட்டன. துப்பாக்கித் தற்கொலைகள் குறைந்தன. கொலைகள் அதற்கு முன்பே குறைந்து வந்தனவே என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இவ்வளவு தெளிவின்மைக்கு ஒரு காரணம் பணம்: நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வு நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகச் செலவிடக் கூடாது என்ற 1996-இன் டிக்கி திருத்தத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்துறை ஆய்வுக்குக் கூட்டாட்சி நிதி ஏறக்குறைய வற்றிப்போனது, 2020 நிதியாண்டில்தான் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

துப்பாக்கி வைத்திருப்போரின் அச்சங்களையும் நான் எள்ளி நகையாட மாட்டேன். என் மாணவர்களில் பாதிப்பேர் அவர்கள்தாம். உரிமம் தருவதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1956-இல் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்ட பின், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அவர் உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஆபத்தானவர் என்று உறவினர் கொடுத்த மனுவின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் சட்டங்களிலும், துப்பாக்கிக்கு உரியவரின் தரப்பை விரைந்து கேட்கும் விசாரணை இல்லாவிட்டால் அநீதி நுழையும். எனவே அளவுகோல் எழுத்தில், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அளவுகோலே வேண்டாம் என்பதை ஏற்கவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். முதலில் கதவுச் சட்டத்தையும் பூட்டையும் வெளிவிளக்கையும் சரிசெய்யுங்கள். துப்பாக்கி வாங்கும்முன் நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு பாதுகாப்பு வகுப்பில் சேருங்கள். அவர் வேண்டாம் என்றால் வாங்காதீர்கள். அதன் பிறகும் வாங்குவதானால், பெட்டகம் முதலில் வீட்டுக்கு வரட்டும், துப்பாக்கி அடுத்து. வாங்கிய அன்றே மகனிடம் சொல்லிவிடுங்கள், குறியெண்ணைத் தவிர. மிஷிகனில் 2021-இல் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற பதினைந்து வயதுச் சிறுவனின் துப்பாக்கியைத் தந்தை வாங்கியது அதற்கு நான்கு நாள் முன்புதான்; 2024-இல் பெற்றோர் இருவரும் அந்த மரணங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மகளிடம், எங்கே துப்பாக்கியைப் பார்த்தாலும் தொடாமல், அங்கிருந்து விலகி வந்து பெரியவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அவள் அதைக் கடைப்பிடிப்பாள் என்று நம்பிப் பூட்டைத் தளர்த்தாதீர்கள். அவள் விளையாடப் போகும் வீடுகளில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று அந்தப் பெற்றோரிடமும் கேளுங்கள். முதல்முறை கேட்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும். இதுவரை என்னிடம் வந்து, கேட்டதற்காக அவர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்று சொன்னவர் ஒருவர்தான். அவருடைய பிள்ளை இப்போது அந்த வீட்டுக்குப் போவதில்லை.